சர்க்கரை பாட்டிலும் நீர்ச்செடியும்

சித்திரை வெயிலில் இட்லி மாவை ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்தால் விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்திருக்கும். அதே மாவு மார்கழியில் காலை எட்டு மணிக்கும் அசையாமல் கிடக்கும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கியிருந்தால் என்னுடைய முதல் தொட்டி தப்பியிருக்கும். குளிர்நாட்டுக்காரர் எவரோ எழுதிய அளவை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒரு மே மாதத்தில், வெந்நீரில் ஒரு முழு டீஸ்பூன் ஈஸ்ட்டும் இரண்டு டம்ளர் சர்க்கரையும் கலந்து பாட்டிலை மூடினேன். சாயங்காலம் குமிழிகள் ஓடிய வேகத்தைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. நடுராத்திரியில் நுரை குழாய் வழியே ஏறித் தொட்டிக்குள் இறங்கிவிட்டது. காலையில் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் போல இருந்தது, மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. எட்டிப் பார்த்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "வெயில் காலத்துல மாவை இப்படி வெளியே வைப்பாங்களாடா?"

சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. வாயுவை உண்டாக்குவது சுலபம். அதை ஒரே நிதானத்தில், நாள் தவறாமல், மீனுக்குத் தொந்தரவில்லாமல் தொட்டிக்குள் அனுப்புவதில்தான் வேலை இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த நிதானத்தைப் பற்றியதுதான்.

முதலில், உங்கள் தொட்டிக்கு இது வேண்டுமா என்று பாருங்கள். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் கரியமில வாயு கரைந்திருக்கும். செடித் தொட்டிக்காரர்கள் குறிவைக்கும் அளவு 20 முதல் 30 மில்லிகிராம். செடியின் உலர்ந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் கார்பன் என்பதால், உரத்தையும் வெளிச்சத்தையும் கொட்டிவிட்டு இதை மட்டும் பட்டினி போட்டால் செடி வளராது, பாசிதான் வளரும். ஆனால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி தேவையில்லை. அவை மெதுவாக வளரும் சாதி. வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். போர்வெல் தண்ணீர்த் தொட்டியில் அவற்றின் இலைமேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த வேலையின் தடயம் அது. ரோட்டாலா சிவக்க வேண்டும், தரைச்செடி கம்பளமாகப் படர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. இரண்டடித் தொட்டி, அதாவது மண்ணும் கல்லும் போக 50, 60 லிட்டர் தண்ணீர், சர்க்கரை பாட்டிலுக்கு ஏற்றது. நாலடித் தொட்டிக்கு நாலு பாட்டிலை வரிசையாக நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். ஆறு மாதத்தில் எல்லோரும் சிலிண்டருக்குப் போய்விட்டார்கள்.

பாட்டில், மூடி, குழாய்

குளிர்பானம் வந்த 2 லிட்டர் பெட் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பூவிதழ் மாதிரி ஐந்து கால் இருக்கும். உள்ளிருந்து வாயு அழுத்துவதைத் தாங்குவதற்காகவே அந்த வடிவம். தண்ணீர் பாட்டில் கூடாது. அது அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதில்லை. கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது. பெட் பாட்டில் கிழியும், கண்ணாடி சிதறும்.

பலரும் தோற்பது மூடியில். ஓட்டையைப் பெரிதாகப் போட்டுவிட்டு எபாக்சி பசையை அப்புவார்கள். பாட்டில் மூடியின் பிளாஸ்டிக்கில் பசை நிரந்தரமாகப் பிடிக்காது. இரண்டு வாரத்தில் ஓரம் விட்டுக்கொண்டு வாயு கசியும். தொட்டிக்கு வர வேண்டியது அறைக்குள் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் ஈஸ்ட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பசையே வேண்டாம். ஏர் பம்ப் குழாயின் வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் 5 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். குழாய் முனையைப் பேனா நிப் போலச் சாய்வாக வெட்டி, ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் குறடால் பிடித்து இழுங்கள். முக்கி முனகிக்கொண்டுதான் வரும். அந்த இறுக்கமே அடைப்பு. பிறகு பாட்டிலில் கொஞ்சம் ஆப்ப சோடாவும் வினிகரும் ஊற்றி மூடி, குழாய் முனையைச் சில நொடி மடித்துப் பிடித்து, மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஒரு குமிழி கூட எழக்கூடாது.

பெரிய பாட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே 300 மில்லி பாட்டில் ஒன்று கட்டாயம். அதன் மூடியில் இரண்டு குழாய். உள்ளே வரும் குழாய் பாதியளவு நிரப்பிய தண்ணீருக்குள் முங்கி இருக்க வேண்டும்; வெளியே போகும் குழாய் மூடியை ஒட்டியே நின்றுவிட வேண்டும். நுரை பொங்கினால் இந்தக் குட்டி பாட்டில் வாங்கிக்கொள்ளும். வாயு எத்தனை குமிழியாக வருகிறது என்பதையும் இதிலேயே எண்ணலாம். என் கழுநீர்த் தொட்டிக்குக் காரணம் இது இல்லாததுதான்.

மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் செட்டையும் குமிழி எண்ணப் பயன்படுத்துவார்கள், பார்க்க அழகாக இருக்கும். அதில் ஒரு சூட்சுமம்: ஆஸ்பத்திரியில் மாட்டுவதற்கு நேர் எதிர்த்திசையில் வாயு போக வேண்டும். நீளக் குழாய்ப் பக்கம் பாட்டிலுக்கு, கூர்முனைப் பக்கம் தொட்டிக்கு. அப்போதுதான் வாயு அடியிலிருந்து தண்ணீரைத் துளைத்துக்கொண்டு மேலேறும். அதோடு வரும் சக்கர கிளாம்பைக் கழற்றி எறிந்துவிடுங்கள். குமிழியைக் குறைக்க அதைத் திருகினால் ஈஸ்ட் வேலையை நிறுத்தாது. வாயு உள்ளே சேர்ந்து ஏதாவது ஒரு மூட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும், பெரும்பாலும் நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளில்.

பாட்டில் தரையிலும் தொட்டி மேசையிலும் இருந்தால் தொட்டித் தண்ணீர் பின்வாங்கி இறங்கக்கூடும். அதைத் தடுக்க ஒருவழி வால்வு ஒன்றைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, குழாயில் செருகுங்கள். மலிவான பிளாஸ்டிக் வால்வு ஆறேழு மாதத்தில் பழுதாகிவிடும். இரண்டாக வாங்கிவைப்பது நல்லது. குழாய் சிலிக்கானாக இருந்தால் அதன் சுவர் வழியாகவே கரியமில வாயு மெல்ல ஊடுருவிப் போகும். பாலியூரித்தேன் குழாய் கொஞ்சம் விறைப்பு, ஆனால் வாயுவைக் காக்கும்.

அளவு

2 லிட்டர் பாட்டிலில் 200 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 1.2 லிட்டர் தண்ணீர், கால் டீஸ்பூன் உலர் ஈஸ்ட், கால் டீஸ்பூன் ஆப்ப சோடா. இது மிதமான மாதங்களுக்கு. பங்குனி முதல் ஆவணி வரை ஈஸ்ட்டை அதிலும் பாதியாக்குங்கள். இரண்டு விரலால் கிள்ளினால் வருமே, அவ்வளவு போதும். ஆப்ப சோடா புளிப்பு ஏறும் வேகத்தைத் தணிக்கும். நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் ஈஸ்ட்டுக்குப் பிடித்தமானவை என்பது உண்மைதான். ஆனால் அவற்றின் நுரை என்னைப் பழைய கழுநீர் நாளுக்குக் கொண்டுபோகும் என்பதால் நான் தொடுவதில்லை.

200 கிராம் சர்க்கரை முழுதாகப் புளித்தால் 103 கிராம் கரியமில வாயு கிடைக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 58 லிட்டர். இது ஏட்டுக் கணக்கு. ஆல்கஹால் பத்து சதவீதத்தை நெருங்கும்போது ரொட்டி ஈஸ்ட் தளர்ந்துவிடும் என்பதால் கடைசிச் சொட்டு வரை வராது. சர்க்கரையை இரட்டிப்பாகப் போட்டால் வாயு இரட்டிப்பாகாததற்கும் இதுவே காரணம்: மிச்சச் சர்க்கரை இனிப்பாகவே பாட்டிலில் நிற்கும், ஈஸ்ட் தன் சாராயத்திலேயே மூழ்கிச் செத்திருக்கும்.

இந்தக் கலவை சென்னை வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். முதல் இரண்டு நாள் வெறிபிடித்தாற்போல் ஓடும், ஐந்தாம் நாள் சோர்ந்துவிடும். செடிக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. குறைவான வாயுவுக்குச் செடி பழகிக்கொள்ளும். இன்று 30, நாளை மறுநாள் 8 என்று ஆடினால், வடிகட்டிக் குழாயிலும் மூத்த இலைகளின் விளிம்பிலும் கருந்தாடிப் பாசி குடியேறும். அது ஒருமுறை பிடித்தால் நகத்தால் சுரண்டினாலும் போகாது.

நிதானத்துக்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி சைனா கிராஸ். சர்க்கரையை ஜெல்லியாக உறையவைத்துவிட்டால் ஈஸ்ட்டுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஜெல்லியிலிருந்து கசிந்து வருவதை மட்டும் தின்னும். வெளிநாட்டுக் குறிப்புகளில் ஜெலட்டின் என்று இருக்கும். அது 35 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும் சரக்கு, நம் கோடையில் மத்தியானம் கஞ்சியாகிவிடும். கடல்பாசியிலிருந்து எடுக்கும் சைனா கிராஸ் ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை அசையாது.

அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சைனா கிராஸை ஊறவைத்து, சிறு தீயில் கரையும்வரை காய்ச்சி, 200 கிராம் சர்க்கரையும் கால் டீஸ்பூன் ஆப்ப சோடாவும் சேர்த்து இறக்குங்கள். இங்கே அவசரப்படக் கூடாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பெட் பாட்டில் சுருங்கி, கூன் விழுந்து, பிறகு மூடியே பொருந்தாது. ரொம்ப ஆறவிட்டால் 40 டிகிரிக்குக் கீழே பாத்திரத்திலேயே உறைந்துவிடும். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் சுட வேண்டும், ஆனால் கையை எடுக்கத் தோன்றக் கூடாது. அதுதான் பதம். புனல் வைத்து ஊற்றி, பாட்டிலை ஒரு இரவு நிமிர்த்தியே வையுங்கள். காலையில் பாட்டிலைச் சாய்த்தால் அடியில் பால்நிறத் துண்டு நகராமல் நிற்கும். அதன்மேல் அரை லிட்டர் சாதாரணத் தண்ணீரும் கிள்ளிய ஈஸ்ட்டும் சேர்த்து மூடுங்கள். முதல் குமிழி வர ஒரு நாள் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து இன்னொரு கிள்ளு போடாதீர்கள். இந்த முறையில் எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல், பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் ஓடியிருக்கிறது.

கோடையில் இன்னொரு காரியமும் செய்வேன். பாட்டிலை ஒரு பக்கெட் தண்ணீரில் நிற்கவைப்பேன். மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் இடையே வெப்பம் தாவாமல் அந்தத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜன்னல் வெயில் படும் இடம் மட்டும் வேண்டாம்.

எந்தக் கலவையானாலும் இரண்டு பாட்டில் வையுங்கள், ஒரு டி-மூட்டில் சேர்த்து. ஒரு பாட்டில் எட்டு நாள் தாங்குகிறது என்றால் நாலு நாளுக்கு ஒருமுறை ஒன்றை மாற்ற வேண்டும். ஒன்று துடிப்பாக இருக்கும்போது மற்றது தளர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் தொட்டிக்கு ஏறக்குறைய ஒரே அளவு போய்ச் சேரும். மாற்றும் இரண்டு நிமிஷம் அந்தப் பக்கக் குழாயை மட்டும் மடித்துத் துணி கிளிப் போட்டுவைத்தால் மற்ற பாட்டிலின் வாயு வீணாகாது.

தண்ணீரில் கரைப்பது

ஈஸ்ட் பாட்டிலின் அழுத்தம் குறைவு. கடையில் விற்கும் பீங்கான் வட்டு டிஃப்யூசர் வழியாக அது முக்கி வருவதற்குள் எங்காவது ஒரு மூட்டு கசியத் தொடங்கிவிடும். கொளத்தூர்க் கடையொன்றில் நான் அதைக் கேட்டபோது, "சர்க்கரை பாட்டிலா சார்? அப்ப இது வேணாம்" என்று கடைக்காரரே திரும்ப எடுத்து வைத்தார். விற்க வேண்டாம் என்று சொன்னவர் என்பதற்காகவே இன்றும் அவரிடம்தான் போகிறேன். குழாய் முனையை உள் வடிகட்டியின் உறிஞ்சும் வாயில் செருகிவிடுவது எளிது. உள்ளே சுழலும் விசிறி குமிழியைப் பொடியாக்கித் தொட்டி முழுக்கத் தூவும். விசிறி கடகடத்தால் குழாயைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இல்லாவிட்டால் ஒரு சின்ன பிளாஸ்டிக் டம்ளரைத் தண்ணீருக்குள் கவிழ்த்து ஒட்டி, அதனடியில் வாயுவை விடுங்கள். தேங்கி நின்று தானாகவே கரையும். நாளாக ஆகத் தண்ணீரில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் டம்ளருக்குள் சேர்ந்துவிடுவதால், நிறைந்திருந்தும் வேலை நடக்காது. தினம் ஒருமுறை சாய்த்து வெளியேற்றிவிட வேண்டும்.

போதுமா, அதிகமா?

"நிமிஷத்துக்கு எத்தனை குமிழி?" என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. குழாய்க்குக் குழாய் குமிழியின் பருமன் மாறும். என் எண்ணிக்கை உங்களுக்கு உதவாது. நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் எண்ணுங்கள். அளவைச் சொல்வது டிராப் செக்கர். தொட்டிக்குள் ஒட்டும் சிறு கண்ணாடிக் கூடு அது; உள்ளே நீலச் சாயம் சேர்த்த நீர், அதற்கும் தொட்டித் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் காற்று. நீலம் என்றால் வாயு போதவில்லை, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து.

இதில் தொட்டித் தண்ணீரையே ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. உள்ளே இருக்க வேண்டியது 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மை கொண்ட நீர். நம் வீட்டிலேயே செய்யலாம். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் ஒரு லிட்டர் வாங்குங்கள். பேட்டரி ஆசிட் அதன் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். அதில் தலைதட்டிய கால் டீஸ்பூன், அதாவது 1.2 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்தால் 40 டிகிரி. அதில் 10 மில்லியோடு மேலும் 90 மில்லி பேட்டரி வாட்டர் சேர்த்தால் 4 டிகிரி. அதில் சில சொட்டு புரோமோதைமால் புளூ. மீன் கடையில் பி.ஹெச். சோதனை மருந்தாக விற்பது பெரும்பாலும் இதுதான். இந்த நீர் பச்சையாகும்போது தொட்டியில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் வாயு இருக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இப்போது தெரியும் நிறம் இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய செய்தி.

கணக்கு பிடிக்கும் என்பவர்களுக்கு: கார்பனேட் கடினத்தன்மையை 3 ஆல் பெருக்கி, அதைப் 10 இன் அடுக்கு (7 கழித்தல் பி.ஹெச்.) ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். கடினத்தன்மை 4 என்றால் பி.ஹெச். 6.6இல் 30 கிடைக்கும். கடினத்தன்மை 12 இருக்கும் போர்வெல் தண்ணீரிலோ 7.1 ஆகும்போதே 30 வந்துவிடும். 6.6 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போர்வெல் தொட்டியில் அதைத் துரத்தினால் மீன்கள் பிழைக்காது. தொட்டியில் மரக்கட்டை இருந்தால் அதிலிருந்து கசியும் புளிப்பும் பி.ஹெச். அளவைக் குறைக்கும் என்பதால், நான் நம்புவது டிராப் செக்கரை. அதைவிட மீனின் செவுளை.

ராத்திரியும் கரண்ட் கட்டும்

விளக்கு அணைந்ததும் செடி வாயுவை வாங்குவதை நிறுத்திவிட்டு, மீனைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடத் தொடங்கும். ஈஸ்ட்டுக்கு ராத்திரி பகல் கிடையாது. 30 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் அதிகபட்சம் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான் கரையும், 20 டிகிரியில் 9க்கு மேல் கரையும். குளிர்நாட்டு மீனுக்கு இருக்கும் அந்த மிச்சம் நம் மீனுக்கு இல்லை. விளக்கு அணையும்போது ஓடத் தொடங்கி, விளக்கு எரியும்போது நிற்கும்படி ஒரு ஏர் பம்ப்பை டைமரில் போடுங்கள். மேல்மட்டம் கலங்கினால் அதிகப்படி வாயு பறந்துவிடும், ஆக்சிஜன் உள்ளே வரும். பகலில் அதை ஓட்டினால் சர்க்கரைச் செலவு தண்டம்.

கரண்ட் போனால் வடிகட்டி நிற்கும், ஏர் பம்ப் நிற்கும், பாட்டில் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். உடனே குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள். பவர் பேங்கில் ஓடும் யு.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருந்தால் நிம்மதி. வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் குழாய் எது என்று காட்டிவைப்பது அவசியம்.

இறால் வைத்திருந்தால் அதுதான் முதலில் அபாயம் சொல்லும்: மேய்வதை விட்டுவிட்டுத் தண்ணீர் விளிம்புக்கு ஏறும். அடுத்து மீன்கள் செவுள் படபடக்க மேலே வரும். அப்போது குழாயை எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, காற்றை முழு வேகத்தில் விடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும். மறுநாள் பழைய அளவையே திரும்பப் போடாதீர்கள்.

இந்த ராத்திரிப் பயமே வேண்டாம் என்பவர்களுக்கு சிட்ரிக் ஆசிட் முறை இருக்கிறது. ஒரு பாட்டிலில் சிட்ரிக் ஆசிட் கரைசல், இன்னொன்றில் ஆப்ப சோடா. அழுத்தமானியும் ஊசி வால்வும் கொண்ட இரட்டை மூடியைத் தயாராகவே விற்கிறார்கள். ஆசிட் தேவைக்கேற்ப அடுத்த பாட்டிலுக்குத் தாவி வாயு பிறக்கும், வால்வை மூடினால் அழுத்தம் சமமாகித் தானே நிற்கும். இங்கே மூடலாம், ஈஸ்ட்டில் மூடக் கூடாது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 200 கிராம் ஆப்ப சோடா ஏறக்குறைய 59 லிட்டர் வாயு தரும், சர்க்கரையின் கணக்குக்கு மிக அருகில். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அது உதவாது. அழுத்தம் ஏறினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு இல்லாத மூடியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இந்த முறையின் செலவு சர்க்கரையைப் போலப் பல மடங்கு. ஊருக்கு அடிக்கடி போகிறவருக்கு அது வீண்செலவு இல்லை.

ஓய்ந்துபோன ஈஸ்ட் பாட்டிலைத் திறந்தால் கள்ளுக்கடை வாசனை வரும். சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் குளியலறையில் ஊற்றுங்கள், வீட்டில் சமாதானம் நிலைக்கும். அடியில் தங்கிய சாம்பல்நிற வண்டலில் இரண்டு ஸ்பூன் மட்டும் எடுத்து அடுத்த பாட்டிலில் விட்டால் புது ஈஸ்ட் வேண்டாம், பாலுக்கு உறை ஊற்றுவது போல. மூன்று நான்கு தடவைக்குப் பிறகு அதுவும் சோம்பிவிடும். அப்போது புதுப் பொட்டலம் பிரிக்கலாம். பாட்டிலின் தோளில் தேதியையும், இது எத்தனையாவது உறை என்பதையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.